அப்பான்ர குதிக்கால் மெலனோமா: 87, 80, 30... இதில எது எங்கட கணக்கு?

முரசுமோட்டை_மகள்:

வணக்கம் எல்லாருக்கும், நீளமா எழுதுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ, ஆரிட்ட கேக்கிறதெண்டு தெரியாமத்தான் இங்க போடுறன்.

அப்பாக்கு 63 வயசு, வயல் தான் தொழில், இரணைமடுத் தண்ணி. இடது குதிக்காலுக்கு அடியில கறுப்பா ஒரு அடையாளம் கனகாலமா இருந்தது, முதல் ஒரு உளுந்தளவு தான். முள்ளுக் குத்தி முறிஞ்சு உள்ளுக்க நிக்குது எண்டுவார், பேந்து இன்னொரு நாள் கேட்டா அது மாத்தளன்ல பட்ட ஷெல் துண்டு எண்டுவார், அந்தக் காலில உண்மையாவே சின்னச் சின்னத் துண்டுகள் இப்பவும் கிடக்கு, எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரியும், அதால வீட்டில ஒருத்தரும் அதைப் பெரிசா எடுக்கேல்ல. போன காலபோகத்துக்கு வெறுங்காலோட சேத்துக்க நிண்டாப் பிறகு அது வெடிச்சுக் கசியத் தொடங்கிச்சு. சேத்துப்புண் எண்டு மஞ்சளும் வேப்பெண்ணையும் போட்டார். பிறகு ஒரு இடத்தில காட்டினம், பூச்சு மருந்து தந்து, சீனி வருத்தம் இருக்கோ எண்டு பாத்து அனுப்பிட்டினம். ஆறேல்ல. கடைசியா ஒரு சர்ஜன் தான் பாத்த உடன ஒரு சின்னத் துண்டு எடுத்து பயொப்சிக்குப் போட்டார்.

ரிப்போட்டில இருக்கிறது: அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா, ஒரு வகைத் தோல் புற்றுநோய். பிரெஸ்லோ தடிப்பு குறைஞ்சது 2.6 மில்லிமீற்றர். கிளார்க் லெவல் 4. அல்சரேஷன் இருக்கு. மைட்டோசிஸ், அதாவது பிரிஞ்சு பெருகிற கலம், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 5. ஆழ விளிம்பிலயும் நோய் நிக்குது.

கனடாவில இருக்கிற அண்ணா உதையெல்லாம் எங்கயோ போட்டுப் பாத்திட்டு ஸ்டேஜ் 2பி, அஞ்சு வருசத்துக்கு உயிரோட இருக்க 87 வீதம், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ எண்டார். பெரியப்பான்ர மகன் கால் மெலனோமாக்கு 80 எண்டு வாசிச்சவராம். சொந்தத்துக்க இன்னொரு ஆள் 30 வீதம் தான் எண்டு அம்மாக்கே போன் எடுத்துச் சொல்லிட்டார், நல்ல மனுசன்! கிளினிக்கில டொக்டரிட்ட கேட்டா "முதல் ஒப்பரேஷனைச் செய்வம் பிள்ளை, நம்பர் பிறகு கதைப்பம்" எண்டு மட்டும் தான். அம்மா இப்ப டொக்டர் என்னவோ ஒளிக்கிறார் எண்டு சோறு தண்ணி இல்லாம இருக்கிறா. அப்பா வேற, காலை எடுத்து விடுங்கோ அலுவல் முடிஞ்சுது, இஞ்ச எத்தினை பேர் கால் இல்லாமத் தானே லாண்ட்மாஸ்டர் பிடிக்கிறாங்கள் எண்டு கொண்டு நிக்கிறார்.

உந்த வீதங்களை எப்பிடிக் கணிக்கினம்? ஒரே வருத்தத்துக்கு மூண்டு கணக்கு எப்பிடி வரும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


வட்டுவாகல்_காத்து:

தங்கச்சி யோசிக்காதேங்கோ, வற்றாப்பளை அம்மாள் இருக்கிறா, ஒரு நேத்தி வையுங்கோ. மருந்தையும் விட்டிடாதேங்கோ.


லேப்பில_நிக்கிறவன்:

நான் டொக்டர் இல்லை, பெத்தோலொஜி லேப்பில வேலை, உப்பிடித் துண்டுகளை மெழுகில வைச்சுச் சீவிற ஆள். அதால ரிப்போட்டை வாசிக்கிற விதம் மட்டும் சொல்றன், முடிவு உங்களைப் பாக்கிற டொக்டரிட்ட தான்.

உந்த ரிப்போட்டில முதலாவதாப் பாக்க வேண்டியது தடிப்பு. தடிப்பு எண்டா வெளியால தெரியிற அகலம் இல்லை, தோலுக்க எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கு எண்டது. அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ எண்ட பெத்தோலொஜிஸ்ட் 1970 இல தான் இதை எழுதினவர், நுணுக்குக்காட்டிக்க ஒரு சின்ன அளவுகோலை வைச்சு மேலருந்து ஆக ஆழமான கலம் வரைக்கும் அளந்தார், அளந்த ஆழத்துக்கும் ஆள் பிழைக்கிறதுக்கும் அவ்வளவு நெருக்கமான தொடர்பு வந்திச்சு. அதுக்கு ஒரு வருசம் முன்னால வந்தது தான் உந்த கிளார்க் லெவல், அது எந்தப் படை வரைக்கும் போயிருக்கு எண்டு பாக்கிறது, இப்ப ஸ்டேஜ் போட அதை எடுக்கிறேல்ல, பழக்கத்தில ரிப்போட்டில வரும். லெவல் 4 எண்டதைப் பாத்திட்டு ஸ்டேஜ் 4 எண்டு பயந்து அழுத சனம் இருக்கு, ரெண்டும் வேற வேற. ஒருவேளை உங்கட 30 வீதக்காரரும் அப்பிடி நினைச்சாரோ தெரியாது.

குதிக்காலில தோல் மொத்தம் தானே, அந்தக் காய்ச்சுப்போன மேல்படையைக் கணக்கில எடுக்கிறேல்ல, அதுக்குக் கீழ இருக்கிற கிரனுலர் படையில இருந்து தான் அளக்கிறது. ஆனா புண் வெடிச்சிருந்தா, அதுதான் அல்சரேஷன், மேல்பக்கம் ஏற்கனவே போயிருக்கும், அப்ப புண்ணின்ர அடியில இருந்து தான் அளக்கலாம். அதோட உங்கட ரிப்போட்டில ஆழ விளிம்பிலயும் நோய் நிக்குது எண்டு இருக்கு. அதாவது சர்ஜன் எடுத்த துண்டு முடிஞ்ச இடத்திலயும் நோய் முடியேல்ல, உள்ளுக்க இன்னும் மிச்சம் இருக்கு. அதால தான் பெத்தோலொஜிஸ்ட் 'குறைஞ்சது 2.6' எண்டு போட்டிருக்கிறார். முழுசா வெட்டி எடுத்தாப் பிறகு அது 2.8 ஆகவும் வரலாம், 4.5 ஆகவும் வரலாம். அண்ணா போட்ட இடத்தில வெறும் 2.6 எண்டு தான் போட்டிருப்பார்.

ஸ்டேஜ் போடேக்க தடிப்புக்குக் குடுக்கிற எழுத்துத் தான் டி. 2 இல இருந்து 4 மில்லிமீற்றர் வரைக்கும் டி3, புண் வெடிச்சிருந்தா டி3பி. 4 ஐத் தாண்டினா டி4பி. ஆகவே உங்கட அப்பாக்கு முதல் எழுத்தே இன்னும் முடிவாகேல்ல தங்கச்சி. டொக்டர் ஒளிக்கேல்ல, அவரிட்ட இப்போதைக்குச் சொல்ல ஒண்டும் இல்லை.


மாங்குளம்_மிஸ்:

மேல லேப் தம்பி சொன்னது சரி. நான் ஒன்கொலொஜி, அதாவது புற்றுநோய் வாட்டில வேலை செய்தனான், இப்ப வேற இடம். நான் சொல்லப் போறது நெறிகட்டி பற்றி.

காலில புண் வந்தா அரையில நெறி கட்டுறது எங்கட சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மெலனோமா பரவுறதும் அனேகமா அந்தப் பாதையால தான் முதல். ஆனா துவக்கத்தில கையால தடவினாப் பிடிபடாது, ஸ்கானிலயும் தெரியாது, நெறிக்குள்ள நாலஞ்சு கலம் தான் போயிருக்கும். அதைப் பிடிக்கத் தான் சென்ரினல் நோட் பயொப்சி, டொனால்ட் மோர்ட்டன் எண்ட அமெரிக்க சர்ஜனும் ஆக்களும் 1992 இல எழுதினது. புண் இருக்கிற இடத்தில நீல மையும் கொஞ்ச ரேடியோ மருந்தும் குத்தி விடுவினம், அது வழிஞ்சு முதல் முதல் எந்த நெறிக்குப் போய்ச் சேருதோ அதை மட்டும் எடுத்து லேப்புக்கு அனுப்புறது. குதிக்கால் எண்டபடியா அரை மட்டுமில்லை, முழங்காலுக்குப் பின்னாலயும் ஒரு நெறி இருக்கு, சில பேருக்கு அங்க போகும், அதைப் பாப்பினமோ எண்டு கேளுங்கோ.

இது ஏன் முக்கியம் எண்டா, ஒரு உதாரணத்துக்குத் தடிப்பு டி3பி எண்டே வைப்பம். நெறி சுத்தமெண்டா ஸ்டேஜ் 2பி, அஞ்சு வருசக் கணக்கு 87 வீதம், உங்கட அண்ணா சொன்னது. ஒரே ஒரு நெறிக்குள்ள, ஸ்கானிலயும் தெரியாத அளவு கலம் இருந்தாலும் போதும், அது ஸ்டேஜ் 3சி, அதுக்கு 69. ஒரே கால், ஒரே புண், ஒரே ஆள், அந்த நெறியைப் பாக்காம 87 ஓ 69 ஓ எண்டு எந்தக் கொம்பனாலயும் சொல்லேலாது.

இன்னொண்டு, நெறி பாக்கிறதை பெரிய வெட்டோட சேத்து ஒரே தடவையில செய்யிறது தான் நல்லது, பெரிசா வெட்டித் தோல் வைச்சு ஒட்டினாப் பிறகு வடிகிற பாதை மாறிப் போகலாம். எல்லா ஆஸ்பத்திரியிலயும் அந்த வசதி இல்லை. அதால ஒப்பரேஷனுக்குத் திகதி குடுக்க முதல், "சேர், நெறியும் சேத்துப் பாக்கிறியளோ, இல்லையெண்டா அது செய்யிற இடத்துக்கு அனுப்புறியளோ" எண்டு பணிவாக் கேளுங்கோ. கேட்டா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். தெல்லிப்பழையோ மகரகமவோ, அவை தான் எங்க எண்டு சொல்லுவினம். நெறியில இருந்தாலும் முந்தி மாதிரி அரையில இருக்கிற நெறி முழுக்கச் சுரண்டி எடுக்கிறேல்ல இப்ப, 2017 இல வந்த பெரிய ஆய்வொண்டில அப்பிடி முழுசா எடுத்தவையும், எடுக்காம ஸ்கானால கவனிச்சுக் கொண்டு வந்தவையும் உயிரோட இருக்கிற கணக்கில ஒண்டு தான் எண்டு வந்திட்டுது. முழுசா எடுத்தா காலெல்லாம் வீங்கி, பிறகு வயலுக்க இறங்கிறது எப்பிடி.

அப்பாட்ட சொல்லுங்கோ காலை எடுக்கிறதால நாள் கூடாது எண்டு. அவர் கண்டது மிதிவெடிக் கால். அது வேற கதை. இது 2 மில்லிமீற்றருக்கு மேல எண்டா சுத்திவர 2 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுறது, சுவீடன் பக்கம் 2 விட்டு வெட்டினதையும் 4 விட்டு வெட்டினதையும் வைச்சுப் பாத்து 2011 இல எழுதினவை, பிழைக்கிறதில வித்தியாசமில்லை எண்டு. துடையில இருந்து தோல் எடுத்துக் குதியில ஒட்டுவினம். அது பிடிக்கிற வரைக்கும் கால் ஊண்டக் கூடாது, அதைத் தான் உங்கட அப்பா போல ஆக்கள் கேக்க மாட்டினம், ரெண்டாம் நாளே வரம்பு பாக்கப் போயிடுவினம். சிறுபோகத்தைக் குத்தகைக்குக் குடுத்திட்டு ஆளைக் கட்டிலில வைச்சிருங்கோ.

மறக்க முதல்: ஷெல் துண்டு இருக்கெண்டு சொன்னனீங்கள். எம்ஆர்ஐ எண்டு ஆராவது எழுதினா, படுக்க வைக்க முதலே அந்தத் துண்டுகளைப் பற்றிச் சொல்லிப் போடுங்கோ, பழைய எக்ஸ்ரே இருந்தாக் கொண்டு போங்கோ. அது பெரிய காந்தம், இரும்புத் துண்டு அசையும், சூடேறும். சீற்றி ஸ்கானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எங்கட பக்கத்து ஆக்களில அரைவாசிப் பேருக்கு உள்ளுக்க என்னவோ கிடக்குது, கேட்டா 'அது சின்னத் துண்டு மிஸ், நோகிறேல்ல' எண்டு சிரிப்பினம்.


பச்சிலை_பரமர்:

உதெல்லாம் வெள்ளைக்காரன்ர வியாபாரம். கால் ஆணிக்குக் கட்டுற மாதிரி ஒரு பச்சிலை இருக்கு, மூண்டு நாள் கட்டினாக் கறுப்பு தானா உதிரும். விருப்பமெண்டா தனியாக் கேளுங்கோ.


லேப்பில_நிக்கிறவன்:

பரமர் அண்ணை, மேல கறுப்பு உதிரும் தான், அடி உள்ளுக்க போகும். உப்பிடிக் காரம் வைச்சுச் சுட்டுப் போட்டு வந்த துண்டுகளில தடிப்பை அளக்கவே ஏலாமப் போயிருக்கு. தயவுசெய்து இந்தத் திரியில வேண்டாம்.


கணக்கு_வாத்தி_வவுனியா:

ஒரே வருத்தத்துக்கு ஏன் மூண்டு கணக்கு எண்டு கேட்டனீங்களல்லோ, நான் புள்ளிவிபரம் படிப்பிக்கிற ஆள், மருத்துவம் இல்லை, ஆனா உந்த மூண்டு நம்பரும் எங்க இருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும். பகிடி என்னெண்டா மூண்டுமே சரியான நம்பர். ஆனா மூண்டும் வேற ஆக்களின்ர.

87 எண்டது அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு, ஏஜேசிசி எண்டுவினம், அவையின்ர எட்டாம் பதிப்பில இருந்து. 2017 இல எழுதினது, 2018 இல இருந்து பாவனை. அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எண்டு 10 சென்ரர்களில 1998 க்குப் பிறகு கண்டுபிடிச்ச 46,000 க்கு மேல ஆக்களின்ர விபரத்தை வைச்சுக் கட்டின அட்டவணை. இதில ஒரு விசயம் கன பேருக்குத் தெரியாது: டி2 இல இருந்து டி4 வரைக்கும் 'நெறி சுத்தம்' எண்டு அந்தக் கணக்கில சேத்தது, சென்ரினல் நெறியை எடுத்துப் பாத்து உண்மையாவே சுத்தம் எண்டு வந்த ஆக்களை மட்டும் தான். கையால தடவிப் பாத்து ஒண்டுமில்லை எண்ட ஆக்களை அதுக்க விடேல்ல. உங்கட அப்பாக்கு நெறி பாக்கவே இல்லை. அப்ப 87 எண்டது அவர் இன்னும் எழுதாத சோதினையில பாஸான ஆக்களின்ர மார்க்ஸ்.

80 எண்டது அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில இருந்து, 1986 இல இருந்து 2005 வரைக்கும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ வாற அக்ரல் வகை மட்டும் பாத்தது. அஞ்சு வருசத்துக்கு 80.3, பத்து வருசத்துக்கு 67.5. எல்லா வகைத் தோல் மெலனோமாவையும் சேத்துப் பாத்தா அதே பதிவேட்டில 91.3 உம் 87.5 உம். அக்ரல் ஏன் குறைவு? ஒரு பங்கு, பிந்திப் பிடிபடுறது. ஆர் உள்ளங்காலைத் திருப்பிப் பாக்கிறான்? அடிபட்ட காயம், முள்ளு, காலாணி எண்டு தான் போகும். பொப் மார்லிக்கும் கால் பெருவிரல் நகத்துக்குக் கீழ வந்தது இதுதான், 1977 இல பந்தடிச்ச காயம் எண்டு நினைச்சவை, 1981 இல 36 வயசில போயிட்டார். ஆனா பிந்திறது மட்டும் காரணமில்லை எண்டு தான் நினைக்கினம், இந்த வகையின்ர மரபணு மாற்றங்களே வேற மாதிரி, வெயிலால வாறதும் இல்லை. எண்டாலும் அந்த 80 க்குள்ள மெல்லிசா இருந்தவை, தடிப்பா இருந்தவை, பரவினவை எல்லாரும் கலந்து கிடக்கினம், உங்கட அப்பாவைப் போல ஆக்கள் அதில ஒரு துண்டு.

30 எண்டது அனேகமா ஸ்டேஜ் 3டி, அட்டவணையில 32 எண்டு இருக்கும். அது தடிப்பு 4 க்கு மேல, புண் வெடிச்சு, நெறியும் நாலு அல்லது அதுக்கு மேல பிடிச்ச மாதிரியான ஆக்களுக்கு. அதை எடுத்து உங்கட அம்மாக்குச் சொன்ன மனுசனுக்கு என்ன சொல்றதெண்டு தெரியேல்ல.

இனி இந்த வீதம் எப்பிடி வருதெண்டா. ஆயிரம் பேரை எடுத்து அஞ்சு வருசம் பொறுத்திருந்து எத்தினை பேர் மிச்சம் எண்டு எண்ணுறது எண்டு தான் நினைப்பியள். அப்பிடி இல்லை, ஏனெண்டா இடையில ஆக்கள் காணாமப் போவினம், ஒருத்தர் கிளினிக்குக்கு வராம விட்டிடுவார், ஒருத்தர் வெளிநாடு போயிடுவார், ஒருத்தரைச் சேத்தே ரெண்டு வருசம் தான் ஆகியிருக்கும். அவையைச் செத்தவை எண்டும் எழுதேலாது, இருக்கினம் எண்டும் எழுதேலாது. 1958 இல கப்லன், மையர் எண்டு ரெண்டு பேர் இதுக்கு ஒரு வழி எழுதினவை, ஆள் கண்ணுக்குத் தெரிஞ்ச நாள் வரைக்கும் கணக்கில வைச்சிருந்து அதுக்குப் பிறகு விலத்தி விடுறது. அதுக்கு மேல 1972 இல கொக்ஸ் எண்டவர் எழுதின முறையில தடிப்பு, புண், வயசு, ஆணோ பெண்ணோ, எந்த இடம் எண்டதெல்லாம் ஒவ்வொண்டும் எவ்வளவு ஆபத்தைக் கூட்டுது எண்டு பிரிச்சுப் பாக்கலாம். உங்கட அண்ணா போட்ட மாதிரிக் கல்குலேட்டர்கள் கனக்க அந்த முறையில தான் ஓடுது. இப்ப கணனியே படத்தைப் பாத்துப் படிச்சுச் சொல்லுதாம் எண்டும் வரும், ஆனா அது படிச்ச படங்கள் அனேகம் வெள்ளைத் தோல், எங்கட உள்ளங்கால் அதுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

கட்டின ஆக்களின்ர ஊரும் காலமும் எந்த அட்டவணைக்குள்ளயும் இருக்கும், அது தான் நான் சொல்ல வாறது. இரணைமடுவுக்குக் கீழ ஏக்கருக்குச் சராசரி இத்தினை மூட்டை எண்டு விவசாயத் திணைக்களம் எழுதும், அது பிழையில்லை, ஆனா வாய்க்கால் கடைசியில இருக்கிற உங்கட காணிக்கு எத்தினை மூட்டை எண்டு அதைப் பாத்து ஆராவது கடன் எடுப்பானோ? அந்த ஏஜேசிசி அட்டவணையில அக்ரல் ஆக்கள் கொஞ்சப் பேர். அதே நேரம் அதில இருக்கிற கனபேர் இப்பத்தைய மருந்துகள் வர முதல் வைத்தியம் பாத்த ஆக்கள். ஒண்டு கணக்கைக் குறைக்கும், மற்றது கூட்டும். எவ்வளவு எண்டு ஆராலும் தசமத்தில சொல்லேலாது.


முரசுமோட்டை_மகள்:

எல்லாருக்கும் கனக்க நன்றி, அண்ணாக்கும் இதை அப்பிடியே அனுப்பிட்டன், அவர் முதல் சண்டைக்கு வந்திட்டு பிறகு திரும்பப் போய் வாசிச்சவர். அவர் இப்ப கேக்கிறார் அங்க கட்டியில இருந்து ஜீன் பாத்துச் சொல்ற டெஸ்ட் இருக்காம், 31 ஜீனாம், காசு அனுப்புறன் அதைச் செய்விப்பம் எண்டு. அதோட புது மருந்து எண்டு கணக்கு சேர் சொன்னது என்ன? அது இஞ்ச கிடைக்குமோ? அம்மாக்கு இப்ப என்ன சொல்லி வைக்கிறது?


மாங்குளம்_மிஸ்:

அந்த ஜீன் டெஸ்டுக்கு இப்ப காசு கரைக்காதேங்கோ எண்டு தான் நான் சொல்லுவன். அது ஆபத்துக் கூடின கூட்டமோ குறைஞ்ச கூட்டமோ எண்டு பிரிக்கும், ஆனா அதுவும் முக்கியமா வெள்ளைக்கார ஆக்களில செய்து பாத்தது, தடிப்பையும் நெறியையும் பாத்தாப் பிறகு மேலதிகமா என்ன முடிவு மாறும் எண்டு அங்கயே டொக்டர்மார் வாதாடுகினம். அந்தக் காசை நெறி பாக்கிற இடத்துக்குப் போய் வர, தங்க, அப்பா வேலை செய்யாம இருக்கிற மாசங்களுக்கு வையுங்கோ. ஜீன் எண்டு பாக்கிறதெண்டா பிராஃப் எண்ட ஒண்டு, அது நெறியில அல்லது வேற இடத்தில நோய் வந்தா மருந்து தெரிவுக்குத் தேவைப்படும். சாதாரண தோல் மெலனோமாவில அரைவாசிப் பேருக்கு அந்த மாற்றம் இருக்கும், அக்ரலில அதைவிடக் குறைவு, சில பேருக்கு கிட் எண்ட வேறொண்டு இருக்கும். டொக்டர் கேக்கேக்க செய்யலாம்.

மருந்து: 2011 க்கு முதல் பரவின மெலனோமாக்கு எண்டா அரைவாசிப் பேர் ஒரு வருசம் தாண்ட மாட்டினம். அந்த வருசம் இப்பிலிமுமாப், பிறகு 2014 இல பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், இவை உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியை நோயில ஏவி விடுற ஊசிகள். நிவோலுமாப்பும் இப்பிலிமுமாப்பும் சேத்துக் குடுத்த கூட்டத்தில பத்து வருசத்துக்குப் பிறகும் 43 வீதம் உயிரோட எண்டு 2024 இல எழுதியிருக்கு, பரவின ஆக்களில! நாங்கள் படிக்கேக்க இப்பிடிச் சொன்னா டீச்சர் வெளியில விட்டிருப்பா. ஆனா அக்ரல் வகை இதுகளுக்கு அவ்வளவு மடங்குறேல்ல, அதையும் சொல்ல வேணும். மெலனோமா எண்டா இப்ப மருந்து இருக்குத் தானே எண்டு இருந்திடாதேங்கோ, உங்கட அப்பாவைப் பொறுத்தவரை கத்தி தான் முதல் மருந்து. ஸ்டேஜ் 2பி, 2சி ஆக்களுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு திரும்ப வராமல் இருக்க பெம்ப்ரோலிசுமாப் குடுக்க 2021 கடைசியில அமெரிக்காவில அனுமதி வந்தது. இஞ்ச அது விலை கூடின சாமான், இருக்கோ குடுப்பினமோ எண்டது ஒன்கொலொஜி டொக்டர் முழு ரிப்போட்டையும் பாத்திட்டுத் தான் சொல்லுவார்.


மல்லாவி_மருமகள்:

நான் இதில எழுதுறதில்லை வாசிக்கிறது மட்டும், ஆனா அம்மாக்கு என்ன சொல்றது எண்டு கேட்டதால. என்ர மாமிக்குக் கால் பெருவிரல் நகத்துக்குக் கீழ வந்தது, கறுப்புக் கோடு நகத்தைத் தாண்டித் தோலுக்கும் போயிருந்தது, விரலை எடுத்தவை. எங்களுக்கும் முதல் கேள்வி எத்தினை வருசம் எண்டு தான். அங்க ஒரு பெரிய டொக்டர் சொன்னவர், இப்ப நான் சொல்ற நம்பர் இண்டைக்கு மட்டும் தான் செல்லும், நெறி ரிப்போட் வந்தா அது மாறும், ரெண்டு வருசம் ஒண்டும் வராமப் போனா திரும்ப மாறும், நல்ல பக்கமா மாறும் எண்டு. அது எங்களுக்குப் பெரிய ஆறுதலா இருந்தது உண்மையா. திரும்ப வாறதெண்டா கனபேருக்கு முதல் ரெண்டு மூண்டு வருசத்துக்க தான் வருமாம், அதைத் தாண்டினவைக்கு முதல் நாள் சொன்ன வீதம் பொருந்தாது.

மாமி இப்ப கோழி வளக்கிறா, கிளினிக்குக்கு ஒழுங்காப் போறா, நாங்கள் மறந்தாலும் அவ மறக்கிறேல்ல. குளிச்சிட்டு வந்து மருமகளே காலைப் பார், அரையைத் தடவிப் பார் எண்டுவா, முதல் எனக்கு வெக்கமாக் கிடந்தது, இப்ப பழகிட்டுது.

அம்மாட்ட நம்பர் ஒண்டும் சொல்லாதேங்கோ தங்கச்சி. நெறி பாக்கப் போகினம், அது வந்தாப் பிறகு டொக்டர் அப்பாக்கு முன்னால சொல்லுவார் எண்டு மட்டும் சொல்லுங்கோ, அது பொய்யும் இல்லை. அப்பாட்டையும் ஒளிக்காதேங்கோ, ஷெல்லுக்க இருந்து வந்த மனுசர், ரிப்போட்டைப் பாத்து விழ மாட்டார். உங்கட சொந்தத்துக்க போன் எடுக்கிற அந்த ஆளின்ர நம்பரை அம்மான்ர போனில புளொக் பண்ணி விடுங்கோ, நான் அதைத் தான் முதல் செய்தனான்.


லேப்பில_நிக்கிறவன்:

கிளினிக்குக்குப் போகேக்க ரிப்போட்டின்ர ஒரிஜினலைக் குடுத்திட்டு வந்திடாதேங்கோ, ரெண்டு மூண்டு போட்டோக் கொப்பி அடிச்சு வையுங்கோ. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினா அவை அந்தத் துண்டைத் தாங்களே திரும்பப் பாக்க வேணும் எண்டு கேப்பினம், அதுக்கு பயொப்சி செய்த லேப்பில மெழுகு புளொக்கும் கண்ணாடித் தகடும் இருக்கும், ரிப்போட் மேல் மூலையில இருக்கிற லேப் இலக்கத்தைச் சொல்லிக் கடிதம் குடுத்தாத் தருவினம். பஸ்ஸில கொண்டு போகேக்க வெயில் படுற யன்னல் பக்கம் வைக்காதேங்கோ, மெழுகு இளகிடும்.


முரசுமோட்டை_மகள்:

சரி அண்ணை. செவ்வாய்க்கிழமை கிளினிக், மிஸ் சொன்ன கேள்விகளைக் கொப்பியில எழுதிட்டன்: நெறி சேத்துப் பாப்பியளோ, முழங்காலுக்குப் பின்னாலயும் பாப்பியளோ, முழுசா வெட்டினாப் பிறகு தடிப்பு எவ்வளவு வந்தது, எம்ஆர்ஐ எண்டா ஷெல் துண்டு. நம்பர் பற்றி இந்த முறை கேக்கேல்ல. அப்பா சிறுபோகத்தைக் குத்தகைக்கு விட ஓமெண்டிட்டார், ஆருக்கு எண்டதில தான் இப்ப அவருக்கும் சித்தப்பாக்கும் சண்டை.